பழம் படகும் புது வர்ணமும்

வேம்பநாட்டுக் காயலில் குடும்ப சகிதமாக உலாவிவர, பழைய மோட்டார்ப் படகொன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா என்று நேயர் ஒருவர் வினவுகிறார். தாராளமாக வாங்கலாம்; ஆனால் வர்ணத்தைக் கண்டு மயங்கலாகாது என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். யந்திரம் மாட்டும் பின்பலகையை மரச்சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம் ஊறிப் பலகை உளுத்திருத்தல் கூடும். விற்பவர் முன்கூட்டியே யந்திரத்தைச் சூடாக்கி வைக்க இடந்தரலாகாது. ஆறியிருக்கும்போதே கிளப்பச் சொல்ல வேண்டும். தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே உப்பு நீர் யந்திரத்தின் உட்குழாய்களை அரிக்கும். ஆகாயத்தாமரையோ நீரிழுக்கும் துவாரத்தை அடைக்கும். ஓட்டியபின் நன்னீரால் கழுவி வந்தார்களா என்று விசாரித்தல் அவசியம். பதிவுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குக.

இவை யாவற்றிலும் முக்கியமானது ஆள் கணக்கு. மலையாள மகாகவி குமாரன் ஆசானை 1924-ம் வருஷத்தில் பல்லனையாற்றில் பலிகொண்டது, அளவுக்கு மீறி ஜனங்களை ஏற்றிய படகே. 2002-ல் இதே வேம்பநாட்டில், குமரகத்துக்கு அருகே, 29 பேர் மாண்டனர். அறுவர்க்குரிய படகில் ஏழாமவராக மாமியாரை ஏற்றுவது மரியாதையன்று, அபசாரம். ஆளுக்கொரு மிதவைச் சட்டை இல்லையேல், எவ்வளவு மலிவாயினும் அப்படகு கரையிலேயே கிடக்கட்டும்!