பொட்டியை யார் தூக்கிட்டுப் போனா?

தேர்தல் முடிஞ்சா போதும், நம்ம பதிவர்கள் அத்தனை பேரும் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார் ஆயிடறாங்க. "சிப்புல வச்சுட்டான், புளூடூத்ல மாத்திட்டான்"னு ஒரே கும்மி. நானும் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்தான், அதனால சொல்றேன் மக்களே: மெஷினுக்குள்ள நோண்டறதுக்கு முன்னாடி அது வந்த வழியைப் பாருங்க.

2021 வேளச்சேரி ஞாபகம் இருக்கா? ஓட்டுப்பதிவு முடிஞ்ச ராத்திரி மெஷின்களை ஸ்கூட்டர்ல வச்சு எடுத்துட்டுப் போனாங்க. அதைப் பிடிச்சது எக்ஸ்பர்ட் இல்லை, ரோட்டுல நின்ன பொதுஜனம். அதுல இருந்த விவிபேட் அன்னிக்குக் கொஞ்ச நேரம் ஓட்டுப்பதிவுல இருந்ததுன்னு தெரியவந்து, ஏப்ரல் 17ல 92ம் சாவடிக்கு மறுவாக்குப்பதிவு. 2024ல நீலகிரி ஸ்ட்ராங் ரூம் கேமரா சுமார் 20 நிமிஷம் படுத்துடுச்சு. சூடாயிடுச்சாம்!

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வாங்க. ராசிபுரம் பக்கத்துப் போதமலைக்கு ரோடு இல்லாம, 2024லயும் மெஷினைச் சுமந்து நடந்தேதான் ஏத்தினாங்க. பொட்டியோட அதிகாரிகளும் போலீஸும் மலையேறினாங்க. ரோடு இல்லாத மலையில துணை இருக்கு, தார் ரோடு போட்ட சென்னையில ஸ்கூட்டர்! கோளாறு டெக்னாலஜியில இல்லீங்க, கூட யார் போறாங்கங்கறதுலதான்.

இதுக்கு மருந்து ஏற்கெனவே சட்டத்துல இருக்கு. காலையில ஏஜென்ட் முன்னாடி குறைஞ்சது 50 மாதிரி ஓட்டு போட்டு, அழிச்சுக் காட்டணும். சீல்ல ஏஜென்ட் கையெழுத்துப் போடலாம். சாயங்காலம் படிவம் 17சி நகலை அவர் கையில கொடுத்தாகணும். மெஷின் நம்பர், பதிவான மொத்த ஓட்டு ரெண்டும் அதுல இருக்கும். சேலத்துக்குக் கருப்பூர், நாமக்கல்லுக்கு எளையாம்பாளையம்னு 2024ல எண்ணின இடத்துல, நடுவுல மெஷின் மாறியிருந்தா காட்டிக் கொடுத்திருக்கக்கூடியது அந்த ஒத்தைக் காகிதம்தான்.

"மெஷினே தப்பா எண்ணினா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் விவிபேட் சீட்டு. 2019ல சுப்ரீம் கோர்ட் சொன்ன மாதிரி சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிச் சீட்டு எண்றது பத்தாதுன்னா அதுக்குச் சண்டை போடுங்க, நானும் வர்றேன்.

ஆனா ஏஜென்ட்டே உக்காராத கட்சிக்காரர், தோத்த மறுநாள் "மோசடி"ன்னு கூவறதுதான் பொறுக்கலை. நாலு பதிவு எழுதற நேரத்துக்கு, அடுத்த தேர்தல்ல ஒரு நாள் பூத்துல உக்காருங்க. 17சி வாங்காம எந்திரிக்காதீங்க.

டிஸ்கி: எல்லாக் கட்சி அனுதாபிகளும் திட்டலாம். 17சி-யைக் கண்ணால பாத்தவங்களுக்கு முன்னுரிமை.