விளக்கை அணைக்கும் வாரம்

'கோழி மிதித்துக் குஞ்சு சாகாது' என்பார்கள். தாய்க்கோழி மிதித்துச் சாகாதுதான். ஆனால், தாயையே பார்க்காமல் பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுகள், குளிரிலும் பயத்திலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். வீட்டுக்குள்ளிருந்து வெளிக் கொட்டகைக்கு மாற்றிய முதல் ராத்திரியில் இந்த ஆபத்து அதிகம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரி நிலம் அதிகம். மக்காச்சோளமும் பருத்தியும் கைவிடும் வருடத்தில் ஆடும் கோழியும்தான் வீட்டுச் செலவைத் தாங்கும். பொரிப்பகத்தில் ஒருநாள் குஞ்சுகளாக வாங்கி, தகரத்தையோ அட்டையையோ வட்டமாக நிறுத்தி, உமி பரப்பி, பல்பு தொங்கவிட்டு நான்கு வாரம் கண்ணாகக் காத்தவர்கள்கூட, 'இனி பிழைத்துக்கொள்ளும்' என்று ஒரே நாளில் திறந்துவிட்டு நஷ்டப்படுவது உண்டு.

அடைக்கோழி தன் குஞ்சுகளுக்கு நான்கு வேலைகள் செய்கிறது. இறக்கைக்குள் வைத்துச் சூடு கொடுக்கிறது. கிளறி இரை காட்டுகிறது. பருந்து நிழல் தெரிந்தால் குரல் கொடுக்கிறது. பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு அழைத்து வருகிறது. பல்பு செய்வது முதல் வேலையை மட்டும். மற்ற மூன்றும் வளர்ப்பவர் தலையில்தான்.

முதலில் சூட்டைக் குறையுங்கள்

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு. பரவலாக நின்று மேய்ந்தால் சரியான பதம். நான்காவது வாரத்தில் பகலில் பல்பை அணைத்துவிட்டு ராத்திரிக்கு மட்டும் போடுங்கள். நாலைந்து ராத்திரி பல்பு இல்லாமலே குவியாமல் தூங்கினால்தான் இடம் மாற்றும் பேச்சு.

சித்திரை வெயிலில் நான்கு வாரத்திலேயே மாற்றலாம். ஐப்பசி அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் ஆறு வாரம் வரை பொறுங்கள். வயதைவிட இறகுதான் கணக்கு. முதுகிலும் நெஞ்சிலும் பஞ்சு உதிர்ந்து இறகு மூடியிருக்க வேண்டும்.

கொட்டகையைச் சரிபாருங்கள்

கரிசல் பூமியில் மழைத்தண்ணீர் லேசில் வடியாது. தரையை ஓரடியாவது கிராவல் போட்டு உயர்த்துங்கள். ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் பிடிக்கும். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டிய வீடுகளில் கீரிக்கும் மரநாய்க்கும் ஒளிய இடம் நிறைய. கம்பிவலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்து, சந்துகளை அடையுங்கள். மூலைகளில் அட்டையை வளைத்து வையுங்கள். மூலை இருந்தால்தான் குஞ்சுகள் அதில் போய்க் குவியும்.

முதல் மூன்று நாள்

காலையில் மாற்றுங்கள், சாயங்காலம் வேண்டாம். புது இடத்தைப் பார்த்துப் பழக ஒரு பகல் வேண்டும். பழைய தீவனத்தட்டு, பழைய தண்ணீர்க் குவளை, பழைய உமியில் இரண்டு கூடை எல்லாம் கூடவே போகட்டும். தீவனத்தையும் அதே நாளில் மாற்றாதீர்கள். தடுப்பூசி போட்ட மறுநாள் மாற்றுவதும் கூடாது. ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். ராத்திரிக்கு ஒரு பல்பு தொங்கட்டும். பத்து மணிக்கு ஒருமுறை, விடியலுக்கு முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். குவிந்திருந்தால் கையால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள்.

பிறகுதான் மேய்ச்சல்

ஒரு வாரம் கொட்டகைக்குள்ளேயே வைத்துத் தீவனம் போட்டால்தான் அது தன் வீடு என்று பதியும். அடுத்து, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது பசியோடு திறந்துவிடுங்கள். 'பா... பா...' என்று கூப்பிட்டு உள்ளே தீவனம் போட்டால் தானாகத் திரும்பும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். பருந்து வட்டமிடும் இடமென்றால் முருங்கையடியிலோ பழைய சேலையைக் கட்டிய பந்தலடியிலோ மேயவிடுங்கள்.

மக்காச்சோளம், பருத்தி விதைக்கும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். பாக்கெட் விதைகள் மருந்து கலந்த சாயத்தோடுதான் வரும். படைப்புழுவுக்கு மருந்தடித்த காட்டில் செத்து விழும் புழுவைக் கொத்தினாலும் ஆபத்துதான். அந்த நாட்களில் திறக்கவே வேண்டாம்.

முதல் வாரமும் நான்காவது வாரமும் கண்ணில் விடும் சொட்டுமருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் போடும் ஊசி இவைதான் வெள்ளைக்கழிச்சலுக்கு வேலி. அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். சந்தேகம் கேட்க பெரம்பலூர்க்காரர்களுக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூர்க்காரர்களுக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன.

சூடு, கூரை, தீவனம், இடம் ஆகிய நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எந்தக் குஞ்சும் தாங்காது. ஒவ்வொன்றாக மாற்றினால் கூடுதலாக ஆகும் செலவு பத்து நாள் பொறுமைதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விற்கக் கையில் கோழி இருக்கும்.