மூன்று சுருட்டும் ஒரு நாக்கும்

பைக்காராவில் மழை இரண்டு விதமாகப் பெய்யும். மேலிருந்து கீழே பெய்வது ஒன்று. பக்கவாட்டில் பெய்வது மற்றொன்று. உதகையிலிருந்து கூடலூர் சாலையில் 20 கிலோமீட்டர் பிரயாணம் செய்து நாம் அங்கே போய் இறங்கிய அன்று இரண்டும் சேர்ந்தே பெய்துகொண்டிருந்தன. பைக்காரா நதியின் நீரை மூவாயிரம் அடிக்கு மேல் குழாயில் விழச்செய்து, 1932-ல் முதன்முதலாக மின்சாரம் எடுத்தார்கள் அல்லவா? அந்த இலாகாவிலே 30 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரைப் பார்க்கத்தான் போயிருந்தோம்.

நண்பருக்குச் சொந்த ஊர் உறையூர். தகப்பனார் அங்கே ஒரு கம்பெனியில் சுருட்டுச் சுற்றியவர். பிள்ளை சுற்றவில்லை, குடித்தார். நாற்பது வருஷம் குடித்தார். பிறகு வாயில் ஒரு ரணம் வந்து, அதை அறுத்தெடுத்து, இனிப் புகையிலையைக் கண்ணால் கூடப் பார்க்கக் கூடாது என்று வைத்தியர்கள் கட்டளையிட்டு மூன்று வருஷம் ஆகிறது. அப்படிப்பட்டவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார்: "மூன்று சுருட்டு வாங்கி வாரும். நீர் குடித்துச் சொல்லும், நான் கேட்டுக்கொள்கிறேன்."

நேயர்கள் நம்மைத் தவறாக எண்ணக் கூடாது. வருஷத்துக்கு ஒன்று கூட நாம் பிடிப்பதில்லை. ஆனாலும் சிநேகிதத்துக்காக ஒரு நாள் நாக்கை இரவல் கொடுக்க இசைந்தோம்.

வீட்டு மாமி கண்டிப்பானவர். நண்பரைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார வைத்துக் கம்பளியைப் போர்த்தினார். நம்மை வெளித் தாழ்வாரத்துக்கு அனுப்பினார். புகை ஒரு துளி உள்ளே வரக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே நம் பரீட்சை முழுவதும் உரத்த குரலிலேயே நடந்தது.

முதலில் ஹவானா. மருமகன் ஒருவன் விமான நிலையத்தில் வாங்கி வந்தது. மேல் இலை பட்டுப் போல வழவழப்பு. தலைப்பக்கம் மூடியிருப்பதால் கத்தரித்துத்தான் பற்ற வைக்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே நிறுத்திப் பார்த்தோம். வறுத்த காப்பிக் கொட்டை, பழைய புத்தகத்தின் தோல் அட்டை, பெட்டியின் தேவதாரு மணம், இவ்வளவும் வரிசையாக வந்தன. சாம்பல் வெளுப்பாக ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. குற்றம் சொல்ல இடமில்லை, விலையைத் தவிர.

"சபையறிந்து பேசும் மனுஷன் மாதிரி" என்றோம்.

"அப்படியானால் சலிப்பாகத்தான் இருக்கும்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அடுத்தது யாழ்ப்பாணம். தென்னை மட்டைப் புகையில் பதம் செய்து, கோடாவில் நனைத்த இலை. நீராகாரமும் கருவாடும் அறிந்த நாக்குக்குத்தான் இதன் அருமை தெரியும் போலிருக்கிறது. நமக்கு இரண்டாம் இழுப்பிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த ஊர்ச் சுருட்டுக் கொட்டில்களில் வேலைக்காரர்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையும் தொடர்கதையும் உரக்கப் படிப்பாராம். கியூபாவிலும் 1865 முதல் இதே வழக்கம் உண்டு. இரண்டு தீவுக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டா செய்தார்கள்? கை வேலை செய்யும்போது காது சும்மா இருக்கிறதே என்று இரண்டு இடத்திலும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, உறையூர். சீமைக்காரர்கள் நம் 'சுருட்டு' என்ற சொல்லையே 'செரூட்' என்று ஆக்கிக்கொண்டு போனது இந்த ஜாதியைப் பார்த்துத்தான். இரு முனையும் வெட்டுப்பட்டுத் திறந்தே இருக்கும். 1887-ல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிகிறார் அந்த மேதாவி. சாம்பல் கறுப்பு என்பது அவர் கட்சி. நாம் ஒரு தட்டில் தட்டிப் பார்த்தோம். கறுப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. ஹவானாச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தால் கறுப்புத்தான். சர்ச்சிலுக்கும் நம் பக்கத்துச் சுருட்டில் பிரியம் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. மனிதர் 1896-ல் பெங்களூரில் படை அதிகாரியாக இறங்கியவர்; அதற்கு முந்தின வருஷமே கியூபாவையும் பார்த்தவர். நம் சுதந்திரத்துக்கு அத்தனை குறுக்கே நின்ற வாயில் நம் ஊர்ச் சுருட்டு இருந்ததில் என்ன பெருமையோ, நமக்கு விளங்கவில்லை.

ருசியோ காரம். மிளகு ரசத்தின் அடிவண்டலைப் போல நாக்கின் நுனியில் நின்றுகொண்டு நகர மறுத்தது. அதன் பின்னால் ஏதோ ஓர் இனிப்பு. பைக்காராவின் ஈரத்தில் இலை பதத்துப் போய் மூன்று முறை அணைந்தது. திருச்சி வெயிலில் பிறந்த சரக்கை இந்தக் குளிருக்கு ஏற்றி வந்தது நம் தவறு.

"எப்படி இருக்கிறது?" என்று நண்பர் கேட்டார். சொன்னோம். அவருக்குத் திருப்தியில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அப்பா ஆயுளில் ஒரு சுருட்டுக் கூடக் குடித்ததில்லை. ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சாதம் பிசைந்து போடும்போது கையில் ஒரு வாசனை இருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அது இதில் இருக்கிறதா, பாரும்."

நாம் என்ன சொல்வது? இரவல் நாக்கு அவ்வளவு தூரம் போகுமா? பற்ற வைக்காத உறையூர்ச் சுருட்டு ஒன்று நம் கட்டில் பாக்கியிருந்தது. மாமியைப் பார்த்தோம். மாமி சற்று நேரம் யோசித்துவிட்டு, தாமே வந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நண்பர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். ஒரு முறை, மறுபடி ஒரு முறை.

"இல்லை" என்றார். "இதில் எஸன்ஸ் வாசனைதான் தூக்கலாக இருக்கிறது."

மாமி சுருட்டைத் திருப்பி வாங்கிக் காகிதத்தில் சுற்றினார். மறுநாள் காலையில் நாம் புறப்படும்போது அதை நம் பையில் போட்டு, ஊட்டி வரும் வரையில் வெளியே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.