மருந்து ஆலை வருமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள்

திண்டிவனத்தில் மருந்தியல் பூங்கா அமையும் என்று அரசு அறிவித்த நாள்முதல், பக்கத்திலுள்ள வல்லம், செஞ்சி வட்டாரங்களில் "வெளிநாட்டுக் கம்பெனி வருமா, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?" என்பதே பேச்சு. முதலாளி வெளிநாட்டார் என்பதற்காகப் பயமும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம். உழவர் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீரைப் பற்றியது.

மருந்து ஆலையால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோவியத் நாட்டு உதவியுடன் ஐதராபாத்தில் ஐ.டி.பி.எல். என்ற அரசு மருந்து ஆலை வந்தது. அங்கே தொழில் கற்றவர்கள் பின்னாளில் சொந்த ஆலைகள் கண்டார்கள். 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அவர்களில் ஒருவர்.

அதே ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேரு உழவர்களின் கதை வேறு. ஓடையிலும் ஏரியிலும் ஆலைக் கழிவு கலந்து பயிர் கெட்டது. 1990-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவை ஏற்ற அந்த நிலையத்திலிருந்து, சுத்திகரித்தபின் வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-இல் வெளியிட்டார்கள். நாம் காய்ச்சலுக்கு விழுங்குகிறோமே, அதே மருந்துதான்! அடுத்து 2009-இல் வெளியான ஆய்வில் கிராமத்துக் கிணறுகளிலும் மருந்துகள் தென்பட்டன.

நம் பகுதி பாறைப் பூமி. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. கழிவு எந்தக் கிணற்றில் எப்போது தலைகாட்டும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். சங்கராபரணி ஆற்று நீர் வீடூர் அணைக்குப் போவதையும் மறக்கக் கூடாது.

கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறை இன்று உண்டு. ஆலைகள் அதைச் செய்யட்டும். மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள் வரும் ஆலைக்கு, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி தனியாக மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. ஆகவே பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கிணறு கெட்டபின், "முன்பே உப்புத்தான்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் உங்களிடம் என்ன சான்று இருக்கிறது? மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் அலசி, அரை லிட்டர் பிடியுங்கள். சர்வே எண், தேதி எழுதி ஒட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் 0.7 மில்லிமோவுக்குக் கீழே இருந்தால் நல்ல பாசன நீர். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. இச்சோதனை உப்பைத்தான் காட்டும், மருந்தைக் காட்டாது. ஆயினும் மாற்றத்தை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் உப்புத்தான். கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை எடுத்து, சோதனைச் சீட்டைப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். ஊர்ப் பொதுக்கிணற்று நீருக்கும் சோதனை செய்யும்படி கிராமசபையில் தீர்மானம் போடலாம்.