தாய்மொழியைப் பூட்டிவிட்டுப் பேச்சைத் திறப்பதோ?

சென்ற ஆண்டின் இறுதியில், ஒரு மாலைப் பொழுதில், முதலியார்பேட்டையிலிருந்து பெரியவர் ஒருவர் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தார். ஆங்கிலோ-பிரஞ்சு ஆலையில் நெடுங்காலம் உழைத்தவர்; 2020-இல் ஆலை மூடப்பட்ட பின் வீட்டோடு இருப்பவர். இதழுக்குரிய கட்டணத்தைச் செலுத்திய பின்னும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தார். "என்ன ஐயா?" என்று வினவினோம். மூன்றரை அகவையில் அவருக்கு ஒரு பெயர்த்தி. இன்னும் நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசுகின்றாளில்லை. நகரிலுள்ள தனியார் பேச்சுப் பயிற்சி நடுவம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றிருக்கின்றனர். அங்கிருந்தவர் குழந்தையை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, வீட்டில் இரண்டு மொழி கூடாது, நாளை பள்ளியில் பேசப் போவது ஆங்கிலந்தான், எனவே இனி எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று கூறி அனுப்பிவிட்டாராம். மகனும் மருமகளும் தமக்குத் தெரிந்த அளவில் 'கம், சிட், நோ' என்று பேசத் தொடங்கிவிட்டனர். பெரியவர்க்கு அதுவும் தெரியாது. "அதனால் நான் குழந்தையிடம் பேசுவதையே விட்டுவிட்டேன் ஐயா. நான் வாய் திறந்தால் அவளுக்குப் பேச்சு வராமலே போய்விடுமோ என்று அச்சமாக இருக்கிறது" என்றார்.

பேசாத குழந்தைக்கு மருந்து, பேசத் தெரிந்த தாத்தாவை ஊமையாக்குவதுதானா? ஈதொரு வீட்டுக் கதையன்று. நம் தோழர்கள் வழியாக இதே செய்தியை இலாசுப்பேட்டையிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் கேட்டிருக்கின்றோம். எனவேதான் ஆசிரியவுரையில் இதனை எடுத்துக்கொண்டோம்.

முதலில், இவ்வறிவுரை அறிவியலா என்பதைப் பார்ப்போம். இரு மொழி காதில் விழுவதனால் குழந்தைக்குப் பேச்சு தடைப்படும் என்பதற்குச் சான்றில்லை. 'ஆட்டிசம்' என வழங்கும் மதியிறுக்கமுடைய குழந்தைகளை வைத்துக் கனடாவில் செய்யப்பட்டு 2012-இல் வெளிவந்த ஆய்வுகளில், இருமொழி வீட்டுப் பிள்ளைகள் ஒருமொழி வீட்டுப் பிள்ளைகளினும் மொழியில் பின்தங்கியிருக்கவில்லை. ஆயின் வீட்டார் தமக்கு வாராத மொழியில் பேசும்பொழுது நேர்வதென்ன? குழந்தையின் காதில் நாளொன்றுக்கு விழும் சொற்கள் குறைந்து போகின்றன. கதையில்லை, கெஞ்சலில்லை, கொஞ்சலில்லை, ஏசலுமில்லை. ஏவற் சொற்கள் நான்கே எஞ்சுகின்றன. குழந்தை பேச்சைக் கற்பது, சொல்லுக்குச் சொல்லும் முகத்துக்கு முகமுமாக நடக்கும் கொடுக்கல் வாங்கலில். அந்தச் சந்தையை மூடிவிட்டுச் சரக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதிற் பொருளில்லை.

பேச்சுத் தாழ்வதற்குரிய மெய்யான கரணியங்கள் வேறு. தலையாயது செவிக்குறை. அண்ணப் பிளவு, மதியிறுக்கம், அறிவு வளர்ச்சிக் குறை, எக்குறையும் புலப்படாத நிலையிலும் மொழி மட்டும் தாழ்ந்து வருதல் என இன்னும் பல உண்டு. ஆகவே எந்தப் பேச்சுப் பயிற்சிக்கும் முன்னர்ச் செய்ய வேண்டியது செவியாய்வு. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கும் அதனைச் செய்யக் கருவியுண்டு. குழந்தை விடை சொல்ல வேண்டுவதில்லை. ஓர் அகவை கடந்து சில திங்களாகியும் ஒரு சொல்லும் வாரா விடினும், ஈரகவையில் இரு சொல்லைச் சேர்க்காவிடினும், வந்த சொல் மறைந்து போயினும் காத்திருத்தல் கூடாது. 'அவன் அப்பனும் தாழ்ந்துதான் பேசினான்' என்று தள்ளிப்போடும் பாட்டிமார்க்கு இதனை வணக்கத்தோடு சொல்லிக் கொள்கின்றோம்.

இனி, அளவுகோலுக்கு வருவோம். ஏனெனில் பேச்சுப் பயிற்சியை அடுத்து வருவது உள ஆய்வு. அதன் முடிவில் ஓர் எண் எழுதப்படுகின்றது. அவ்வெண் சான்றிதழிலும் பள்ளிப் பதிவிலும் குழந்தையோடு நடக்கின்றது. இவ்வெண் எங்கிருந்து வந்தது? பாரிசு நகரிலிருந்து. பள்ளிப் பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்க்குத் தனியுதவி செய்தற்கு வழி காணுமாறு பிரஞ்சு அரசு 1904-இல் குழுவொன்றை அமர்த்தியது. அதன் விளைவாக ஆல்பிரடு பினே என்பாரும் சீமோன் என்பாரும் 1905-இல் முதல் அறிவுத்திறன் அளவையை வெளியிட்டனர். அறிவு என்பது கூட்டவோ குறைக்கவோ முடியாத நிலைத்த அளவு என்று கருதுவதைப் பினேயே தம் 1909-ஆம் ஆண்டு நூலில் மறுத்திருக்கின்றார். அவர் அமைத்தது உதவி செய்தற்கு. ஒதுக்கி வைத்தற்கு அன்று.

அந்நாளில் புதுச்சேரி அதே பிரஞ்சு அரசின் ஆட்சியில்தான் இருந்தது. ஆயினும் அவ்வளவை பாரிசிலிருந்து நேரே இங்கு வரவில்லை. அமெரிக்கா சென்று ஆங்கிலமாயிற்று. பின்னர், 1930-களில் காமத்து என்பாரால் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கென மாற்றியமைக்கப்பட்டது. அந்தப் பினே-காமத்து அளவையே இன்றுவரை தமிழ்ப் பிள்ளைகளின் முன்னும் வைக்கப்படுகின்றது. வினாக்களை ஆய்வாளர் அவ்விடத்திலேயே தம் வாய்க்கு வந்தபடி தமிழாக்கிக் கேட்கும் வழக்கம் பரவலாக உண்டு. மற்றொன்று, அமெரிக்க வெக்சிலர் அளவையினின்று நாகபுரியில் மாலின் என்பார் ஆக்கியது. கன்னடப் பிள்ளைக்கும் மராத்தியப் பிள்ளைக்கும் எளிதெனக் கண்ட சொல், தமிழிற் பெயர்க்கையில் அரிதாகலாம். அரிதெனக் கண்டது எளிதாகலாம். அகவைக்கேற்ப அடுக்கிய படிகள் அப்பொழுதே சரிந்து விடுகின்றன. நேர்மையான உளவியலார் இதனை அறிவர். அறிக்கையில் குறிப்பும் எழுதுவர். எழுதாதவரிடம், 'எந்த அளவை, எம்மொழியில் கேட்டீர்கள்?' என்று வினவும் உரிமை பெற்றோர்க்கு உண்டு.

பேச்சாய்வில் இப்பிழை இன்னும் வெளிப்படை. நெஞ்சும் மிடறும் தலையும் பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் ஒலி பிறக்கும் நிலைகளென வகுத்து, எழுத்துதோறும் நா எங்கே தொடுகின்றது என்று சொல்லும் பிறப்பியலைத் தொல்காப்பியத்தில் வைத்திருக்கும் இனத்தின் குழந்தைக்கு, ஆங்கிலப் பட அட்டையைக் காட்டி ஒலி சரியா என்று பார்க்கின்றனர். ஆங்கிலத்தில் 'பின்' என்பதும் 'பின்' என்பதும் (ஒன்று வல்லென்றும் ஒன்று மெல்லென்றும் ஒலிப்பது) வேறு வேறு சொற்கள். தமிழில் பகரம் சொல் முதலில் வன்மையாகவும் 'பம்பரம்' என்பதன் நடுவே மென்மையாகவும் தானே ஒலிக்கும், பொருள் மாறுவதில்லை. இவ்வேறுபாட்டைக் காட்டாத தமிழ்க் குழந்தைக்குக் குறையொன்றுமில்லை. மாறாக, லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், நம் மூன்று நகரங்களும் அவ்வட்டையில் இரா. ஆயப்படாமலே போகும். இன்னொன்று: 'பாப்பா தூங்கிடுச்சு' என்பது தமிழில் இரண்டு சொல். இதனையே ஆங்கிலத்தில் சொன்னால் நான்கைந்து சொல். குழந்தை ஒரு தொடரில் எத்தனை சொல் சேர்க்கின்றது என்று எண்ணிப் பார்ப்பது ஆய்வு முறைகளுள் ஒன்று. உருபுகளை எண்ணாமல் சொற்களை மட்டும் ஆங்கிலக் கணக்கில் எண்ணுவோர்க்கு நம் பிள்ளை எப்பொழுதும் தாழ்ந்தே தோன்றும்.

ஈண்டு நாம் நமக்கே ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். தனித்தமிழ் உணர்வாளர் சிலர், பயிற்சி செந்தமிழில் நடக்க வேண்டும் என்று அடம் பிடிக்கின்றனர். அது பிழை. மூன்றகவைக் குழந்தை 'வந்துகொண்டிருக்கின்றான்' என்று சொல்லாது. 'வந்துகிட்டிருக்கான்' என்றே சொல்லும். தாய் 'பளம்' என்று சொல்லும் வீட்டில் குழந்தையும் 'பளம்' என்றால் அது நோயன்று. ழகரத்தைப் பின்னர்ப் பள்ளியில் நாம் கற்பிப்போம். பயிற்சியாளர் பேச வேண்டியது குழந்தையின் தாய் பேசும் தமிழ். அரியாங்குப்பத்துத் தமிழும் காரைக்கால் தமிழும் ஒன்றல்ல என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

இது குழந்தைகளோடு நிற்பதுமன்று. முடக்குநோயால் பேச்சிழந்த முதியோரும் உளர். மூளையில் பேச்சுக்குரிய இடத்தைப் புரோக்கா என்னும் மருத்துவர் 1861-இல் சுட்டியதும் அதே பாரிசில்தான். இருமொழியாளர்க்குப் பேச்சு திரும்பும்பொழுது ஒரு மொழி முன்னும் ஒரு மொழி பின்னுமாக வரலாம். ஒன்று வாராமலே போகலாம். பிரஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' வீட்டு முதியவரிடம் எம்மொழியிலிருந்து பயிற்சியைத் தொடங்குவது என்பதை அவர்தம் வீட்டாரைக் கேட்டன்றோ முடிவு செய்ய வேண்டும்!

எங்கே செல்வது என்பது அடுத்த வினா. 1823-இல் பிரஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த சிப்மர், கோரிமேட்டில் நமக்கு அருகிலேயே உள்ளது. அங்குக் காது மூக்குத் தொண்டைப் பிரிவையும் உளமருத்துவப் பிரிவையும் முதலில் அணுகுக. 2013-இல் தொடங்கிய சிறார் நலத்திட்டத்தின் கீழ் அமைந்த தொடக்கநிலை இடையீட்டு நடுவங்களுக்கு அங்கன்வாடி, பள்ளி வழியாகவும் அனுப்பப்பெறலாம். சத்யா சிறப்புப் பள்ளி 2003 முதல் இந்நகரில் இயங்கி வருகின்றது. பலவகைக் குறை ஒருங்கே உடையோர்க்கான நடுவண் நிறுவனம் முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்தது. மைசூரில் பேச்சு-கேட்பு நிறுவனம் 1965-இலேயே வந்துவிட்டது; மும்பையில் 1983; செகந்திராபாதில் 1984. தமிழ்நிலத்திற்கு மட்டும் இத்துணைக் காலத்தாழ்வு! அதுவும் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பேச்சுப் பயிற்சி ஒருநாளில் முடியும் ஊசிமருந்தன்று. கிழமைக்கு இருமுறையாகத் திங்கள் பலவும் ஓராண்டு ஈராண்டும் செல்லும். கூலிக்குச் செல்லும் தாய் ஒவ்வொரு முறையும் ஒருநாட் கூலியை இழந்தன்றோ வரவேண்டியுள்ளது! பாதியில் நின்றுவிடுவோரைப் பொறுப்பற்றவர் என்று பழிப்போர் இதனை எண்ணிப் பார்க்க.

தனியாரிடம் செல்வோர்க்கு ஒரு சொல். பேச்சுப் பயிற்றுநரும் மருத்துவ உளவியலாரும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்திற் பதிவு செய்திருத்தல் வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள். கேட்பது இழிவன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைக் குறைகளுள் பேச்சு-மொழிக் குறையும், மதியிறுக்கமும், கற்றற் குறையும் அடங்கும் என்பதையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றற் குறை என்றதும் நம் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24, 2024-25 ஆகிய இரு கல்வியாண்டுகளில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாற்றப்பட்டன. ஆங்கிலத்தை வீட்டில் ஒருநாளும் கேளாத பிள்ளை, ஆங்கிலம் படிக்கத் திணறுகின்றது. ஆங்கிலத்திலேயே ஆய்வு செய்து கற்றற் குறை என்று முடிவு கட்டினால், அது குறையா, கற்பிக்கப்படாமையா என்று எப்படித் தெரியும்? தமிழிலும் படிக்கச் சொல்லிப் பார்த்தாலன்றித் தெரியாது. மெய்யாகவே குறையுடைய பிள்ளைக்கோ, இரண்டு மொழிக்கு மாற்றாக ஒரு மொழி படித்தாற் போதும் என்று அவ்வாரியம் விலக்களிக்கின்றது. நல்ல நோக்கந்தான், அப்பிள்ளைக்கு அது தேவையுங்கூட. ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலத்திலிருக்க, விலக்கப்படும் மொழி எதுவாயிருக்கும்? வீட்டில் பேசும் மொழியை எழுதவும் படிக்கவும் தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியைக் கடந்து வெளியேறும். தாய்மொழியிற் கற்பித்தலை இயன்றவரை கைக்கொள்ள வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றார்கள். யாருக்காக எழுதினார்கள்?

புதுவை அரசை நாம் கேட்பது பெரிதன்று. அரசு மருத்துவமனைகளில் தமிழில் ஆய்வு செய்யவல்ல பேச்சுப் பயிற்றுநரையும் உளவியலாரையும் நிலையான பணியிடங்களில் அமர்த்துக, காரைக்காலை மறவற்க, மாகியில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் இதே உரிமை அம்மக்களுக்கும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளை வைத்தே படிநிலை கண்ட அளவைகளை ஆக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகத்திற்கும் சிப்மருக்கும் தமிழறிஞர்க்கும் சேர்த்துக் கொடுக்க.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம் என்றிருக்கின்றோம். ஓரகவை முதல் மூன்றகவை வரையுள்ள பிள்ளைகள் நம் வீடுகளில் மெய்யாகவே பேசும் சொற்களைத் தொகுத்துப் பயிற்றுநர்களிடம் தர எண்ணம். 'மம்மு', 'இங்கா', 'தாச்சி' முதலாக எதுவாயினும் சரி. திருத்தாமல், குழந்தை சொன்னபடியே, அகவையையும் ஊரையும் குறித்து அஞ்சலட்டையில் எழுதி விடுங்கள். குழந்தையின் பெயர் வேண்டா. முதலியார்பேட்டைப் பெரியவரின் பெயர்த்திக்குச் செவியாய்வு முடிந்து, இப்பொழுது தமிழிலேயே பயிற்சி நடக்கின்றது. அழைத்துச் செல்பவர் அவரே. முதல் அட்டையும் அவரிடமிருந்துதான் வந்தது. அதில் பதினொரு சொற்கள் இருந்தன.