ஏரிக்கரையில் பழைய மகிழுந்து

ஸ்காட்லாந்திலுள்ள லோமண்ட் ஏரி 71 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பிரிட்டன் தீவில் அதனினும் பரந்த ஏரி வேறில்லை. அதன் மேற்குக் கரைச் சாலையில் பழைய மோரிஸ் மைனர் மகிழுந்தை நிறுத்திப் படமெடுப்போர் சிலர், அதனைத் துடைத்துப் பளபளப்பாக்கி, வெயிலுக்குக் காத்திருந்து, படம் முழுவதையும் வண்டியாலேயே நிரப்பிவிடுகின்றனர். ஏரியோ வெறும் திரைச்சீலையாகிவிடுகிறது. இதனை நான் ஏற்கேன்.

1948 முதல் 1971 வரை உருவாகி, 10 இலட்சத்திற்கும் மேல் விற்பனையான அவ்வண்டி, எளிய குடும்பங்களுக்காக மழையிலும் சேற்றிலும் உழைத்தது. நம் நாட்டுச் சாலைகளிலும் ஓடியதன்றோ! மேகம் மூடிய நாளின் மென்னொளியில் அதன் நெளிவும் தேய்வும் தெளிவாகத் தெரியும். சற்றுப் பின்வாங்கினால் சாலையும் நீரும் எதிர்க்கரைப் பென் லோமண்ட் மலையும் படத்தில் அமையும். பின்புறம் ஆண்டையும் இடத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். என் தந்தையார் அத்தகைய வண்டியருகே நிற்கும் படம் ஒன்றே எம்மிடம் உள்ளது. அதன் பின்புறத்தில் ஓர் எழுத்தும் இல்லை.