பாதி மலையில் திரும்பினால் பாவமா?

"எங்க ஆபீசில் 4 பேர் போறோம். நீங்களும் வாங்க சார்!"

மாசி பிறந்தால் போதும். கோவையில் எந்த டீக்கடைக்குப் போனாலும் இதே பேச்சுதான். வெள்ளியங்கிரி!

சனிக்கிழமை ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். பேரூர், ஆலாந்துறை தாண்டி பூண்டியில் இறங்குகிறார்கள். அடிவாரத்தில் கையில் ஒரு மூங்கில் தடி. "அரோகரா" என்று முதல் படியில் கால் வைக்கிறார்கள். பகலெல்லாம் நின்று வியாபாரம் பார்த்த கால்! தூக்கம் கிடையாது. சிலருக்கு விரதம் வேறு. காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை.

மலை சும்மா விடுமா?

போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். டவுன் பஸ்சில் அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் இங்கே 7 மலை. உச்சி ஏறத்தாழ 6 ஆயிரம் அடி. நல்ல திடகாத்திரமான ஆளுக்கே ஏற 4 மணி, 5 மணி நேரம் ஆகும். இறங்கும்போது முழங்கால் கழன்று போகும். முழுசாக ஒரு நாள் கணக்கு.

அதிலும் முதல் மலைதான் பெரிய வில்லன். செங்குத்தாகப் படிகள். உடம்பு சூடு பிடிப்பதற்குள் மூச்சை வாங்கிவிடும். ஐந்தாவது மலைக்கு மேலே மரம் குறையும். காற்று ஆளைத் தள்ளும். வேர்த்த உடம்பில் குளிர் பாயும். அதோடு ஆண்டி சுனையின் ஐஸ் தண்ணீரில் முங்கி எழுகிறார்கள். வாலிபனுக்கு அது குஷி. இருதயக் கோளாறு உள்ளவருக்கு?

2024 மார்ச் மாதக் கடைசியில் ஒன்றிரண்டு நாளுக்குள் 3 பேர் அந்த மலையில் இறந்தார்கள். அந்த சீசன் முடிவதற்குள் இன்னும் சில சாவுகள். இருதய நோய், மூச்சுத் திணறல், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். யார் கேட்கிறோம்? "அது வேற யாருக்கோ சொன்னது" என்று நடையைக் கட்டுகிறோம்.

பத்தே நிமிஷம்!

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியின் கதையைச் சொல்கிறேன்.

3 வருஷத்துக்கு முன்னால் நாங்கள் 5 பேர் போனோம். அண்ணாச்சிக்கு 52 வயசு. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அன்றைக்குச் சாப்பிடவில்லை. "சாமி மலைக்குப் போறதுக்கு மாத்திரை எதுக்கு தம்பி?" என்று கேட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. (இப்போது தெரியும்.)

மூன்றாவது மலையில், கைதட்டி சுனைப் பக்கம், பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. அந்தக் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். கால் மணி நேரம் ஆகியும் மூச்சு அடங்கவில்லை.

மேலே இருந்து இறங்கி வந்தவர்களிடம் கேட்டோம். "இன்னும் பத்தே நிமிஷம் சாமி. வந்தாச்சு!" என்றார்கள்.

அந்த மலையில் எல்லோரும் சொல்கிற ஒரே பொய் இதுதான். முதல் மலையில் கேட்டாலும் பத்து நிமிஷம், ஆறாவது மலையில் கேட்டாலும் பத்து நிமிஷம். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் முடியாதவரும் எழுந்து நடக்கிறார்.

எங்கள் கூட்டத்திலும் ஒருவர், "இம்புட்டு தூரம் வந்துட்டுத் திரும்பினா தோஷம் அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார். அண்ணாச்சி தடியை ஊன்றி எழுந்தே விட்டார்.

பக்கத்தில் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்த பெரியவர்தான் மறித்தார். "ஏனுங்க, திரும்பிப் போயிருங்க. சாமி எங்கீங்க போயிரப் போறாரு? அடுத்த வருசமும் இங்கதானுங்க இருப்பாரு."

நானும் அண்ணாச்சியும் திரும்பினோம். மற்ற 3 பேர் மேலே போனார்கள். 4 படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தால், இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு! "மேலே போயிருந்தால் டோலியில்தான் வந்திருப்பீர்கள்" என்றார் டாக்டர்.

டோலி என்றால் என்ன தெரியுமா? அந்த மலையில் வண்டி வாகனம் ஏறாது. 108-க்கு போன் போட்டாலும் ஆம்புலன்ஸ் அடிவாரத்தில்தான் நிற்கும். ஆளைத் தூக்கிக் கட்டி, மனுஷர்கள் தோளில் சுமந்து, வழுக்குப் பாறையில் பல மணி நேரம் இறக்க வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு அந்த நேரம்தான் உயிர்.

பாட்டிலுக்கு ஒரு சோதனை

மலை ஏறுகிறவர்களின் பையைச் சோதனை போடுகிறார்கள். பிளாஸ்டிக் கவரைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் காசு தருகிறார்கள். ரொம்ப நல்ல ஏற்பாடு. காட்டில் யானை இருக்கிறது. குப்பை போடக்கூடாது.

பாட்டில் பத்திரமாகத் திரும்பி வர இவ்வளவு அக்கறை என்றால், அதைக் கொண்டுபோகிற ஆள் திரும்பி வர?

அதே வரிசையில் இன்னொரு மேஜை போடட்டும். 40 வயசு தாண்டியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு பார்க்கட்டும். ஒரு ஆளுக்கு 2 நிமிஷம். தாறுமாறாக இருந்தால், "இந்தத் தடவை அடிவாரத்திலேயே கும்பிட்டுக்குங்க" என்று சொல்லி நிறுத்தட்டும். முகாம் போட்டு, விருப்பம் உள்ளவர் வரலாம் என்றால் ஒருவரும் போகமாட்டார். நான்கூடத்தான் அன்றைக்குப் போகவில்லை. பாதி மலையிலும் ஒரு டாக்டரும், டோலிக்கு ஆளும் தயாராக இருந்தால் இன்னும் நல்லது. கூட்டம் சேரும் சித்ரா பவுர்ணமிக்கு அவசியம் வேண்டும்.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. வருஷம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரே ராத்திரியில் 7 மலை ஏற ஆசைப்படலாமா? ஒரு மாசம் முன்னாலேயே மருதமலைப் படி ஏறிப் பழகுங்கள். முதல் நாள் லீவு போட்டுத் தூங்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். மயக்கம் வரும். தாடை, இடது கை, நெஞ்சு எங்கே வலித்தாலும் உட்காருங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் திரும்புங்கள். கூட வந்தவர்கள் "பத்தே நிமிஷம்" என்று சொல்லாமல், ஒருவராவது துணைக்கு இறங்குங்கள்.

அண்ணாச்சி இப்போது நன்றாக இருக்கிறார். கடையில் யாராவது "வெள்ளியங்கிரி ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டால், "மூணு மலை" என்று கூச்சப்படாமல் சொல்கிறார். ஒவ்வொரு வருஷமும் எங்களோடு பூண்டி வரைக்கும் வருகிறார். அடிவாரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, எங்கள் செருப்புக்கும் பைக்கும் அவர்தான் காவல். இறங்கி வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி அவர் கணக்கு.